ஒரு ரூபாய்க் கடன்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், காவிரிக் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றின் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு, அங்கத்தினர்கள் வீட்டிலிருந்தபடியோ கம்ப்யூட்டர் சென்டரிலிருந்தபடியோ கடனுக்கு விண்ணப்பம் செய்துகொள்ளும்படியாக, இணையத்தில் ஒரு படிவம் அமைத்துக் கொடுத்திருந்தேன். கொடுத்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சங்கத்தின் காரியதரிசி தொலைபேசியில் அழைத்தார். கோபமாகப் பேசியிருந்தாலாவது ஏதேனும் பதில் சொல்லித் தப்பியிருப்பேன். அவரோ மிகுந்த நிதானத்தோடு, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறவரைப் போலக் கேட்டார்:

“தம்பி, ஒருத்தர் ஒரு ரூபா கடன் கேட்டிருக்காரு. ஜாமீனுக்கு ரெண்டு பேர் பேரு குடுத்திருக்காரு. தவணை முப்பத்தாறு மாசம். மாசத்துக்கு மூணு பைசாகூட வரலை. இதுக்கு வட்டி வேற போடணுமா?”

விசாரித்தபோது விஷயம் விளங்கியது. அந்த விவசாயி பம்ப்செட் வாங்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டிருந்தார். தொகை என்ற கட்டத்தில், பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட முறைப்படி, 1,00,000 என்று காற்புள்ளிகளை உரிய இடத்தில் இட்டு ஒழுங்காகவே எழுதியிருந்தார். என் புரோகிராம் முதலில் நின்ற ஒன்றைப் படித்தது, காற்புள்ளியைக் கண்டது, இதற்கு மேல் தனக்குச் சம்பந்தமில்லை என்று முடிவு செய்து, மற்றதையெல்லாம் ஒரு முனகலும் இன்றி உதறிவிட்டு, கிடைத்த ஒன்றைப் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டது. சோதனை எதுவும் செய்யாமல் நான் விட்டுவிடவில்லை. தொகை பூஜ்யத்துக்கு மேற்பட்டதா என்று கேட்டிருந்தேன். ஒன்று பூஜ்யத்துக்கு மேற்பட்டதுதானே!

அன்று முதல் இன்று வரை, இணையப் படிவங்களில் வந்து விழும் எண்களைச் சர்வரில் எவ்வாறு பரிசீலிப்பது என்ற விஷயத்தில் எனக்கு ஒரு தனிச் சிரத்தை உண்டு. கேட்பதற்குச் சாமானியமான விஷயம். புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இரண்டாம் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆயினும் வங்கிகளிலும் பங்குச் சந்தையிலும் போர்க்கப்பலிலுங்கூட இந்தச் சாமானிய விஷயம் செய்துவைத்திருக்கும் அனர்த்தங்களைப் பார்க்கையில், இரண்டாம் வாரத்துப் பாடம் மூன்றாம் வாரத்தில் மறந்துவிடுகிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

எண் அல்ல, எழுத்து

நாம் படிவத்தை நிரப்பிச் ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அமுக்கும்போது, நம் கணினியிலிருந்து எண்கள் எவையும் புறப்பட்டுச் செல்வதில்லை. புறப்படுவது வெறும் எழுத்துகளின் வரிசை. அந்த விவசாயியின் விண்ணப்பம் கம்பியிலே சென்ற கோலத்தைப் பெயர்களை மட்டும் தமிழாக்கி எழுதிக் காட்டினால், தொகை=1%2C00%2C000&தவணை=36 என்று இருக்கும்; காற்புள்ளிதான் வழிப்பயணத்துக்காக %2C என்று வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. இதில் முப்பத்தாறு என்ற அளவு எங்கும் இல்லை. மூன்று என்ற குறியும் ஆறு என்ற குறியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவே. அந்தக் குறிகளை எண்ணாக வாசிக்கும் பொறுப்பு முழுவதும் சர்வரில் உள்ள புரோகிராமின் தலைமீது விழுகிறது. வாசிப்பவன் கவனமுள்ளவனாக இருந்தால் கணக்குச் சரியாக இருக்கும். சோம்பேறியாக இருந்தால் லட்சம் ஒன்றாகும்.

நான் அந்நாளில் பயன்படுத்திய பிஎச்பி மொழி, சோம்பேறி என்று சொல்லத்தகாவிட்டாலும், அளவு கடந்த தாட்சண்யம் உடையது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994ஆம் ஆண்டில் தம் சுயவிவரப் பக்கத்தைப் பார்க்க யார் யார் வருகிறார்கள் என்று அறிந்துகொள்வதற்காகச் செய்துகொண்ட சில சிறு கருவிகளிலிருந்து வளர்ந்தது அது. வீட்டுக்கென்று செய்த கருவிக்கு வீட்டுக் குணம் இருப்பது இயல்பு. வந்தவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்காமல், கொண்டுவந்ததைக் கொண்டு எப்படியாவது காரியத்தை நடத்திவிட வேண்டும் என்பது அதன் சுபாவம். ‘12 மூட்டை’ என்று கொடுத்தால் பன்னிரண்டு என்று கொள்ளும். வெறும் ‘மூட்டை’ என்று கொடுத்தால் பூஜ்யம் என்று கொள்ளும். ஒன்றுமே கொடாவிட்டாலும் பூஜ்யந்தான். பூஜ்யமும் ஏதோ ஒரு சொல்லும் சமமா என்று கேட்டால், ஆம், சமம் என்றே அது நெடுங்காலம் சாதித்துவந்தது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் எட்டாம் பதிப்பு வந்த பிறகுதான் அந்தப் பிடிவாதத்தை விட்டது. பிஎச்பியை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. ஜாவாஸ்கிரிப்டில் பார்ஸ்இன்ட் என்னும் கருவி காற்புள்ளியைக் கண்டவுடன் அதே இடத்தில் அதே விதமாக நின்றுவிடும். அம்மொழியின் நம்பர் என்னும் கருவியோ காற்புள்ளியை ஏற்காமல் மறுத்தாலும், வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாக்கிக் கொடுத்துவிடும்.

வெறுமைக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள பேதத்தை நம் பழைய கணக்குப்பிள்ளைகள் நன்றாக அறிந்திருந்தார்கள். பேரேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் தகவல் வரவில்லை என்று அர்த்தம். சுழி இட்டிருந்தால் தகவல் வந்துவிட்டது, தொகைதான் இல்லை என்று அர்த்தம். பிஎச்பியில் ‘எம்ப்டி’ என்று ஒரு சோதனை இருக்கிறது. கட்டம் காலியா என்று அறிவதற்காக அநேகர் அதையே கையாளுகிறார்கள். அதுவோ ‘0’ என்ற குறியையும் காலி என்றே சொல்லும். இதன் விளைவாக, குழந்தைகள் எத்தனை என்ற கேள்விக்கு உள்ளது உள்ளபடி 0 என்று எழுதிய ஒருவரைப் பார்த்து, ‘இந்தக் கட்டத்தை நிரப்பவும்’ என்று சிவப்பு எழுத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும் படிவங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த வாசகத்தை அவர் எந்த மனநிலையில் படித்திருப்பார் என்பதை எழுதியவன் நினைத்துப் பார்த்திருக்க மாட்டான்.

வாசற்காவல் யார் வீட்டு வாசலில்?

இதையெல்லாம் பிரௌசரே பார்த்துக்கொள்ளாதா என்று வாசகர்கள் கேட்கலாம். எண்ணைத் தவிர வேறொன்றும் ஏற்காத கட்டம், குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்ற வரம்பு, மீறினால் உடனே ஓர் எச்சரிக்கை ஆகிய சௌகரியங்களெல்லாம் இன்றைய பிரௌசர்களில் இருப்பது வாஸ்தவம். எழுதுகிறவருக்கு உபகாரமானவை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அந்தக் காவலாளி நிற்பது நம் வீட்டு வாசலில் அன்று. வருகிறவர் வீட்டு வாசலில். அவர் நினைத்தால் காவலாளியை ஒரு நொடியில் அனுப்பிவிடலாம். பிரௌசரிலேயே உள்ள ஒரு சாளரத்தைத் திறந்து, அதிகபட்சம் 5 என்று இருப்பதை 5000 என்று திருத்திவிட்டு அனுப்புவதற்குப் பள்ளி மாணவனுக்குப் பத்து வினாடி போதும். பிரௌசரே இல்லாமல், மேலே காட்டியதுபோன்ற ஒரு வரியைத் தன் கையாலேயே எழுதி நேராகச் சர்வருக்கு அனுப்புவதற்கும் கருவிகள் உண்டு. கடைக் கூடையில் சாமான் எண்ணிக்கையை மைனஸ் இரண்டு என்று அனுப்பினால் மொத்தத் தொகை குறைந்துபோகும் கடைகள் இணையத்தில் இருந்திருக்கின்றன; கடைக்காரர் பிரௌசரின் காவலை நம்பியிருந்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

அந்த எண் கட்டம் உபகாரத்திலும் குறையற்றதன்று. மவுஸின் சக்கரத்தைத் தெரியாமல் உருட்டினால் அதில் எழுதிய தொகை தானாகவே ஏறும், இறங்கும். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் இணையச் சேவைகளுக்கு வடிவமைப்பு விதிகளை வகுக்கும் குழுவினர், இதுபோன்ற தொல்லைகளைக் கண்டு, 2020ஆம் ஆண்டில் அந்தக் கட்டத்தைக் கைவிட்டு, எண் விசைகளை மட்டும் கைபேசியில் எழுப்பித் தரும் சாதாரண எழுத்துக் கட்டத்துக்கே மாறிக்கொண்டார்கள். ஆகவே பிரௌசரின் சோதனை மரியாதைக்காக. சர்வரின் சோதனைதான் பாதுகாப்புக்காக. இரண்டில் ஒன்றையே எழுத நேரம் இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் வந்து சொன்னால், எதை எழுதுவது என்று யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

அந்தக் காவல் இல்லாத வாசல் வழியாக எண் மட்டும் வருவதில்லை என்பது 1998ஆம் ஆண்டிலேயே வெளிச்சத்துக்கு வந்தது. 7 என்ற எண்ணுக்குப் பின்னால் ‘அல்லது ஒன்றும் ஒன்றும் சமமானால்’ என்று பொருள்படும் ஒரு சிறு வாலைச் சேர்த்து அனுப்பினால், அதை அப்படியே எடுத்து டேட்டாபேஸ் கேள்விக்குள் ஒட்டிவிடும் புரோகிராம், ஏழாம் பக்கத்தைக் கேட்டவருக்கு எல்லாப் பக்கங்களையும் திறந்து காட்டிவிடும். இந்த நோய்க்குச் சரியான மருந்து, கேள்வியையும் மதிப்பையும் தனித்தனியே டேட்டாபேஸுக்கு அனுப்பும் முறை. எண்ணைச் சோதிப்பது அதற்குப் பிரதியாகாது, துணையாக இருக்கும்.

தனக்கே சமமில்லாத ‘நான்’

சோதிப்பது என்று தீர்மானித்த பிறகும் பிழைக்க இடமுண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்தமானதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

கணினிகளில் தசம எண்களைக் குறிக்கும் முறைக்குள்ளே, எண்ணல்லாத ஒன்றையும் எண்ணைப்போல் பாவித்துக்கொள்வதற்காக ஒரு விசேஷ மதிப்பு வைத்திருக்கிறார்கள். ‘எண் அல்ல’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டார்கள். நம் ஊர்ப் புரோகிராமர்கள் வாயில் அது ‘நான்’ என்று வருகிறது. இந்த நான் எதைவிடவும் சிறிதன்று, எதைவிடவும் பெரிதன்று, எதற்கும் சமமுமன்று. தன்னைத் தன்னோடே ஒப்பிட்டாலும் சமமில்லை என்றே விடை வரும். வேதாந்தம் படித்தவர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்வார்கள். படிவம் எழுதுகிறவர்களுக்கோ இது புன்னகைக்குரிய சமாசாரம் அல்ல. பைத்தான் மொழியில் ஃப்ளோட் என்னும் கருவியிடம், ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்துகளை மட்டும் கொடுத்தால், பிழை என்று மறுக்காமல், மரியாதையாக வாங்கிக்கொண்டு அந்த நானையே திருப்பித் தரும். இப்போது, ‘தொகை ஒரு ரூபாய்க்குக் குறைந்தாலும், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டாலும் மறுத்துவிடு’ என்று சோதனை எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நான் ஒன்றுக்குக் குறைந்ததா? இல்லை. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டதா? அதுவும் இல்லை. மறுப்பதற்குக் காரணம் ஏதும் கிடைக்காமையால், நான் தலைநிமிர்ந்து உள்ளே போய்விடுகிறது. அதைக் கூட்டிய மொத்தமும் நான் ஆகிவிடும்; வட்டியும் நான்; ஐந்தொகையும் நான்.

அதே சோதனையைத் திருப்பிப் போட்டு, ‘தொகை ஒன்றிலிருந்து ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்’ என்று எழுதினால், நான் அந்த வரம்புக்குள் இல்லாமையால் வெளியே நின்றுவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே விதிதான். கணக்கு வாத்தியார் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் கொடுப்பார். ஒன்று குற்றவாளிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அதில் இல்லாதவரையெல்லாம் உள்ளே விடுவது. மற்றது அழைப்பிதழ் உள்ளவரை மட்டும் உள்ளே விடுவது. நான் சொல்ல வந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்: ‘இது எண்தானா?’ என்பது சர்வர் கேட்க வேண்டிய கேள்வியே அன்று. ‘நான் கேட்ட கேள்விக்கு இது விடையாக இருக்கக்கூடுமா?’ என்பதே கேள்வி. இருக்கக்கூடாதென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். தானே திருத்திக்கொள்ளக் கூடாது.

திருத்திக்கொள்வதால் வரும் கேட்டுக்கு 2005ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி டோக்கியோ பங்குச் சந்தையில் நடந்ததைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது. அது இணையப் படிவம் அன்று, தரகர்களின் தனித் திரை. ஆனாலும் கதை அதே கதை. ஜே-காம் என்ற சிறு கம்பெனியின் பங்குகள் முதன்முதலாகச் சந்தைக்கு வந்த நாள் அது. மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியிருக்க, 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்பதாகக் கட்டங்களை மாற்றி நிரப்பிவிட்டார். திரையில் எச்சரிக்கை தோன்றியது. அதைக் கடந்து சென்றார். சந்தையின் கணினிக்கு வந்து சேர்ந்த இரண்டு எண்களும் தனித்தனியே பார்த்தால் மாசற்றவை. இரண்டும் முழு எண்கள், இரண்டும் பூஜ்யத்துக்கு மேற்பட்டவை. ஆனால் அந்தக் கம்பெனி வெளியிட்டிருந்த பங்குகளே ஏறக்குறைய 14,500தான். உலகத்தில் உள்ளதைப்போல் நாற்பது மடங்குக்கு மேல் ஒருவர் விற்க வந்திருக்கிறார் என்பதைக் கணினி கேட்கவில்லை. ஒரு யென் என்ற விலையையோ, அன்றைய நாளுக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச விலையான 5,72,000 யென் என்று தானே கொண்டு, வியாபாரத்தை நடத்த ஆரம்பித்துவிட்டது. தவற்றை உணர்ந்து ரத்து செய்ய முயன்றபோது, சந்தையின் புரோகிராமில் இருந்த மற்றொரு பிழை ரத்தை ஏற்கவில்லை. அன்று மிசுஹோவுக்கு ஏற்பட்ட நஷ்டம் 4,000 கோடி யென்னுக்கு மேல். சந்தையின் தலைவர் பதவி விலகினார். வழக்கு நடந்து, நான்கு ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றம் சந்தையைச் சுமார் 1,070 கோடி யென் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. ஒரு யென்னை அப்போதே ‘இது இன்றைய விலை வரம்புக்குள் இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருந்தால் வழக்கே இல்லை.

பூஜ்யத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பல் விர்ஜீனியாக் கரைக்கு அப்பால் சென்றுகொண்டிருக்கையில், ஒரு கட்டத்தில் மாலுமி ஒருவர் 0 என்று பதிந்தார். புரோகிராம் அந்தப் பூஜ்யத்தால் எதையோ வகுக்கப் போய்க் குலைந்தது. கப்பலை நடத்தும் யந்திரங்கள் நின்றன. சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் அந்தப் பெருங்கப்பல் நடுக்கடலில் கட்டை போல் மிதந்துகொண்டிருந்தது.

இன்னும் விசித்திரம், வரம்புக்குள் இருந்துகொண்டே கழுத்தறுக்கும் எண்கள். 2.2250738585072011 என்பதைப் பத்தின் மைனஸ் 308ஆம் அடுக்கால் பெருக்கிய அளவை, அதாவது நினைத்துப் பார்க்கவும் முடியாத ஓர் அணுவளவை, எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலாவது எழுதி அனுப்பினால், சில கணினிகளில் பிஎச்பி அதை எண்ணாக மாற்ற முயன்று முயன்று ஒருபோதும் முடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது 2011ஆம் ஆண்டு ஜனவரியில் தெரிய வந்தது. கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டி 2 என்று எழுதினால் ஜாவா அதே விதமாக மயங்கும் என்பதையும் சில வாரங்களுக்குள் ஒருவர் கண்டுபிடித்தார். இரண்டையும் உடனே சரிசெய்துவிட்டார்கள். பைத்தானிலோ, இலக்கங்கள் பெருகப் பெருக மாற்றும் நேரம் அதன் வர்க்கமாகப் பெருகுகிறது என்பதால், லட்சக்கணக்கான இலக்கங்களை ஒரே கட்டத்தில் கொட்டிச் சர்வரைத் திணறடிக்கலாம் என்று அஞ்சி, 2022ஆம் ஆண்டில் 4,300 இலக்கங்களுக்கு மேல் ஏற்பதில்லை என்று வரம்பு கட்டினார்கள். ஆகவே எழுத்தை எண்ணாக மாற்றுவதற்கு முன்பே, அது எவ்வளவு நீளம் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது. கடன் தொகைக்குப் பன்னிரண்டு இலக்கம் எதற்கு?

எண் போலத் தோன்றி எண்ணல்லாதவை

பைத்தானைப் பற்றிப் பேச்சு வந்ததால், தமிழர்கள் அறிந்து மகிழ வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. படிவத்தில் ௫௦௦ என்று தமிழ் இலக்கங்களில் எழுதி அனுப்பினால், பைத்தானின் இன்ட் என்னும் கருவி அதை ஐந்நூறு என்று தடையின்றிப் படித்துவிடும், ஜாவாவும் படிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் நான் என்று சொல்லிவிடும். பிஎச்பி பூஜ்யம் என்று சொல்லும். ஆனால் நம் முன்னோர் எழுதிய முறைப்படி, நூற்றுக்குரிய குறியை வைத்து ௫௱ என்று எழுதினால் பைத்தானும் ஏற்காது. அதன் கண்ணில் ௱ ஒரு இலக்கம் அன்று, தனியான எண்குறி. பழைய தமிழ் எழுத்து முறையில் பூஜ்யத்துக்குக் குறியே கிடையாது. ௦ என்ற தமிழ்ச் சுழி யூனிகோடில் இடம் பெற்றதே 2005ஆம் ஆண்டில்தான். ஆகவே கணினி புதுத் தமிழைப் படிக்கிறது, பழந்தமிழைப் படிப்பதில்லை.

மகிழ்ச்சி ஒருபுறம் இருக்க, இதில் ஓர் அபாயமும் இருக்கிறது. ‘எல்லாம் இலக்கங்கள்தாம்’ என்று பைத்தான் சான்று கொடுத்த அந்த எழுத்து வரிசையை, எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே சேமித்துவைத்து, பின்னால் வேறொரு மொழியில் எழுதிய புரோகிராமிடம் கொடுத்தால், அங்கே ஐந்நூறு பூஜ்யமாகிவிடும். சோதித்தபின் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது வாசித்தறிந்த எண்ணைத்தான். வந்த எழுத்தை அன்று.

இதற்கு நேர் எதிரான இனமும் ஒன்று உண்டு. தொலைபேசி எண், பின்கோடு, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவை எண் என்ற பெயரைச் சுமந்திருந்தாலும் எண்கள் அல்ல. இரண்டு ஆதார் எண்களைக் கூட்ட வேண்டிய அவசியம் எவருக்கும் ஏற்படுவதில்லை. இவற்றை எண்ணாக மாற்றினால் முன்னால் நிற்கும் பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். சென்னையின் 044, 44 ஆகிவிடும். நான் ஒரு முறை, ஒரு கல்யாண மண்டபத்தின் முன்பதிவுப் பட்டியலைச் சரிபார்க்கப் போனபோது, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் 2147483647 என்ற ஒரே கைபேசி எண் இருக்கக் கண்டேன். மேனேஜர் அதை டயல் செய்து பார்த்துவிட்டு, ‘சார், யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க’ என்று வருத்தப்பட்டார். டேட்டாபேஸில் அந்தப் பத்தி கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் அதுவே. நம் நாட்டுக் கைபேசி எண்கள் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதில் ஏதோ ஒன்றில் ஆரம்பிப்பதால் ஒன்றுவிடாமல் எல்லாம் அதைவிடப் பெரியவை. அந்த டேட்டாபேஸை நடத்திய பழைய மைசீக்வெல், பிழை என்று நிறுத்தாமல், ஒவ்வொன்றையும் கொள்ளுமளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 5.7ஆம் பதிப்பிலிருந்து அது தானாகவே கண்டிப்பாக இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பட்டியலில் இழந்த எண்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

ஆதாரின் பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் 1969இல் வகுத்த முறை அது. ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்திலுள்ள இரண்டு இடம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு அருமையான சோதனை கையில் இருக்க, ‘பன்னிரண்டு இலக்கம் இருக்கிறதா’ என்று மட்டும் பார்த்துவிட்டு விடுகிறவர்களை என்ன சொல்வது!

மறுபடியும் சங்கத்துக்கு வருவோம். காற்புள்ளியை என்ன செய்வது என்று அன்று மாலை வெகுநேரம் யோசித்தேன். எல்லாக் காற்புள்ளிகளையும் நீக்கிவிட்டு மீதியை எண்ணாகக் கொள்வது சுலபமான வழி. ஆனால் விரல் தவறி ‘1,5’ என்று எழுதியவருக்கு அது பதினைந்து ரூபாய் ஆகும். ஜெர்மனியில் அதே குறி ஒன்றரையைக் குறிக்கும். ஊகம் செய்வது சர்வரின் வேலையன்று. முடிவில், காற்புள்ளிகள் நம் நாட்டு வழக்கப்படி சரியான இடங்களில் இருந்தால் ஏற்பது, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவது என்று வைத்தேன். ஏற்ற தொகையை அடுத்த பக்கத்தில் ‘ரூபாய் ஒரு லட்சம் மட்டும்’ என்று எழுத்தில் காட்டி, சரிதானா என்று கேட்கவும் செய்தேன். இது என் கற்பனையில் உதித்தது அன்று. காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம், இரண்டும் மாறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. மறுத்தபோது ‘தவறான உள்ளீடு’ என்ற மொட்டை வாக்கியத்தைச் சொல்லாமல், எந்தக் கட்டம், என்ன எழுதியிருந்தார், எப்படி எழுத வேண்டும் என்ற மூன்றையும் சொல்லும்படி செய்தேன். அவர் எழுதியதையும் கட்டத்தில் அழிக்காமல் விட்டேன்.

அந்த விவசாயிக்குக் கடன் கிடைத்தது, பம்ப்செட்டும் வந்தது. பின்னொரு நாள் சங்கத்துக்குச் சென்றிருந்தபோது, காரியதரிசி பழைய கோப்பு ஒன்றை எடுத்துவந்து காட்டினார். முதல் விண்ணப்பத்தை அவர் தாளில் அச்செடுத்து, ரூ. 1 என்பதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘தொகை ஒரு ரூபாய் என்று உள்ளது. உறுதி செய்து மீண்டும் அனுப்பவும்.’ அந்த வாக்கியத்தையே, தொகையை மட்டும் மாற்றி, இன்றும் என் புரோகிராம் சொல்லிக்கொண்டிருக்கிறது.